குடை விரிக்கும் கோரை

கேள்வி: ‘அம்ப்ரெல்லா பாம்’ என்று நர்சரியில் வாங்கிய செடி குளத்தோரம் ஆளுயரம் வந்துவிட்டது. இது பனை வகையா, புல்லா?

பதில்: இரண்டும் இல்லை, கோரை. தாவரவியலில் இதன் பெயர் சைபெரஸ் இன்வலூக்ரேட்டஸ். கிழக்கு ஆப்பிரிக்காவும் அரேபியாவும் பூர்வீகம். பிற நாடுகளுக்கு அலங்காரச் செடியாகப் போனது. பண்டைய எகிப்தியர் எழுதும் தாள் செய்த பாப்பிரஸ் கோரை இதற்குப் பங்காளி.

ஒரு தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். புல்லில் கணு இருக்கும், கணுக்களுக்கு நடுவே பெரும்பாலும் துளை இருக்கும். இதிலோ அடி முதல் நுனி வரை கணுவே கிடையாது. உள்ளே வெள்ளை நெட்டி. விரல்களுக்கிடையே உருட்டினால் மழுங்கிய மூன்று விளிம்புகள் தட்டுப்படும். உச்சியில் குடைக்கம்பி மாதிரி விரிந்திருப்பவற்றை இலை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அவை பூவடிச்செதில்கள், அதாவது பூக்கொத்தின் அடியில் வரும் இலை போன்ற உறுப்புகள். ஒரு தலையில் 12 முதல் 20 வரை, சமயத்தில் அதற்கு மேலும். நிஜ இலை தண்டின் அடியில் வெறும் பழுப்பு உறையாகச் சுருங்கிவிட்டது. உணவு தயாரிப்பதெல்லாம் பச்சைத் தண்டும் இந்தச் செதில்களும்தான்.

கேள்வி: நுனிகள் கருகுகின்றன. பாதியில் வெட்டிவிட்டால் துளிர்க்குமா?

பதில்: துளிர்க்காது. கணு இல்லாத தண்டில் மொட்டுக்கு ஏது இடம்? கருகிய தண்டை அடியோடு அறுங்கள். மண்ணுக்குள் இருக்கும் கிழங்குத்தண்டிலிருந்து புதிது வரும். கருகலுக்குப் பெரும்பாலும் வேர் காய்வதே காரணம். தொட்டியை 5 செ.மீ. தண்ணீரில் நிற்க வையுங்கள்.

கேள்வி: புதுச் செடி எடுப்பது எப்படி?

பதில்: முற்றிய, ஆனால் மஞ்சளாகாத தலையை 5 செ.மீ. காம்போடு வெட்டுங்கள். செதில்களைப் பாதியாகக் கத்தரித்து, தலைகீழாகத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். செதில்கள் தண்டோடு சேரும் இடுக்கில் உள்ள மொட்டுகள் சில வாரங்களில் வேரும் குருத்தும் விடும். தண்ணீர் மாற்றாவிட்டால் அழுகும்.

இதே குணம்தான் வம்பும். சாய்ந்த தலை சேற்றைத் தொட்டாலே வேர் பிடித்துவிடும். விதையோ 1 மி.மீ. கூட இல்லை, நீரோட்டத்தில் போய்விடும். ஆஸ்திரேலியாவிலும் ஹவாயிலும் ஓடைக்கரைகளில் பரவியது இப்படித் தோட்டம் தாண்டியதுதான். கழித்த தலைகளை வாய்க்காலில் வீசாதீர்கள். விதை பழுக்குமுன் வெட்டி, மொறுமொறுவென்று வெயிலில் காய்ந்தபின் குப்பைக்குழியில் போடுங்கள். வேண்டாத புதரைத் தோண்டும்போது கிழங்குத்தண்டில் ஒரு துண்டு தங்கினாலும் மறுபடி தோண்ட வேண்டிவரும்.