வேகமான விங், நீளமான த்ரோ: மாவட்டப் போட்டிக்கு அணியைத் தயார் செய்வது எப்படி?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் 17 வயதுக்குட்பட்ட மாணவியர் கால்பந்து அணி குறுவட்டப் போட்டியில் ஜெயித்து மாவட்டப் போட்டிக்கு வந்திருக்கிறது. இன்னும் பத்து நாளில் மேட்ச். எதிரணியை ஒரு ஆட்டத்தில் நேரில் பார்த்தேன். அவர்களுடைய லெஃப்ட் விங் பிள்ளை (இடது ஓரமாக ஏறி ஆடுபவள்) அவ்வளவு வேகம். இடது காலால் பக்கக் கோட்டை ஒட்டியே பந்தைக் கொண்டுபோய் கோல் முன்னால் கிராஸ் போட்டுவிடுகிறாள். இன்னொரு பிள்ளை, பந்து பக்கக் கோட்டுக்கு வெளியே போனதும் கையால் எறியும் த்ரோ-இன்னையே கார்னர் கிக் மாதிரி கோல் முன்னால் எறிகிறாள். நாங்கள் எப்போதும் 4-4-2தான் ஆடுவோம்; பின்னால் நான்கு பேர், நடுவில் நான்கு பேர், முன்னால் இரண்டு பேர். பின்னால் ஐந்து பேரை நிறுத்தலாமா? அந்த விங் பிள்ளையோடு ஒருத்தியை ஒட்டியே விடலாமா?

பதில்: டீச்சர், ஐந்து பேர் டிஃபென்ஸ் வேண்டாம். வருசம் முழுக்க நான்கு பேராக நின்று பழகிய பிள்ளைகளைப் பத்து நாளில் ஐந்தாக மாற்றினால், யார் முன்னே ஏறுவது, யார் பின்னே நிற்பது என்ற குழப்பத்திலேயே முதல் கோல் விழுந்துவிடும். உங்களைக் குறுவட்டத்தில் ஜெயிக்க வைத்தது 4-4-2தான், அது அப்படியே இருக்கட்டும். எதிரணிக்காக இரண்டே இரண்டு விஷயத்தை மட்டும் புதிதாகச் சேருங்கள். ஒன்று அந்த லெஃப்ட் விங், இன்னொன்று அந்த த்ரோ. எதிரணியைப் பற்றி உங்கள் நோட்டில் இருபது குறிப்பு இருக்கலாம். பிள்ளைகளிடம் போய்ச் சேர வேண்டியது இந்த இரண்டுதான். பதினாறு வயதுப் பிள்ளை பதற்றத்தோடு மைதானத்தில் இறங்கும்போது அதற்கு மேல் எதுவும் தலையில் நிற்காது.

ஒருத்தியை ஒட்டியே விடும் யோசனைக்கு வருகிறேன். 1974 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி இதைத்தான் செய்தது. நெதர்லாந்தின் யோஹன் கிரைஃப் எங்கே போனாலும் பெர்ட்டி ஃபோக்ட்ஸ் கூடவே போகவேண்டும். ஆட்டம் தொடங்கிய உடனே கிரைஃப் நடு மைதானத்துக்கு இறங்கிப் பந்தை வாங்கினார், ஃபோக்ட்ஸைத் தாண்டி ஓடினார், பெனால்டி வாங்கிக் கொடுத்துவிட்டார். அப்புறம் ஃபோக்ட்ஸ் அவரை நன்றாகவே அடக்கினார், ஜெர்மனி 2-1 என்று ஜெயித்தது. ஆனால் டிஃபென்ஸில் எல்லோருக்கும் பின்னால் துணைக்கு பெக்கன்பவர் நின்றார் என்பதை மறக்கக் கூடாது. உங்கள் ரைட் பேக் பிள்ளையை (டிஃபென்ஸில் வலது ஓரம் நிற்பவளை) அந்த விங் பிள்ளையோடு தனியாகக் கோர்த்துவிட்டால், அவள் நடுவில் இறங்கும்போதெல்லாம் இவளும் இழுபட்டுப் போவாள், வலது பக்கம் திறந்து கிடக்கும். போதாக்குறைக்கு, தாண்டப்படும் ஒவ்வொரு முறையும் தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று அந்தப் பிள்ளை உடைந்துபோவாள். அந்தப் பாரத்தை ஒருத்தி தலையில் மட்டும் வைக்காதீர்கள்.

அதைவிட முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பந்து எங்கிருந்து வருகிறது? எவ்வளவு வேகம் இருந்தாலும், பந்து வராத விங் சும்மா ஓடிக்கொண்டிருப்பவள்தான். நீங்கள் பார்த்த ஆட்டத்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான பள்ளி அணிகளில் ஒரே ஒரு மிட்ஃபீல்டர் அல்லது டிஃபென்ஸின் நடுவில் நிற்கும் ஒரு ஸ்டாப்பர்தான் அந்தப் பாஸைக் கொடுப்பாள். அவள் யார் என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் இரண்டு ஃபார்வர்டுகளில் ஒருத்தியை ஐந்தாறு அடி பின்னே இறக்கி, அந்தப் பிள்ளை பந்தை வாங்கித் திரும்பும்போதே முன்னால் போய் நிற்கச் சொல்லுங்கள். பிடுங்க வேண்டிய அவசியமில்லை. நிமிர்ந்து பார்த்து நிதானமாகப் பாஸ் போட நேரம் கொடுக்காமல் இருந்தால் போதும்.

அவர்கள் அதற்கு முன் இன்னொரு ஆட்டம் ஆடினால் கட்டாயம் போய்ப் பாருங்கள். நோட்டில் ஒரு பக்கத்தில் மைதானத்தை வரைந்துகொண்டு, லெஃப்ட் விங்குக்குப் பந்து வரும்போதெல்லாம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்து ஒரு கோடு போடுங்கள். அரை மணி நேரத்தில் கோடுகளே சொல்லிவிடும். கீப்பர் உயரப் பந்துக்கு வெளியே வருகிறாளா, கடைசிப் பத்து நிமிடத்தில் யார் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் வீடியோ எடுக்கலாமே என்று தோன்றும். வேறு பள்ளிப் பெண் பிள்ளைகளை அவர்களுடைய ஆசிரியரிடம் கேட்காமல் படம் எடுப்பது சரியில்லை. போதாததற்கு, செல்போன் எப்போதும் பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து இல்லாத இடத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது அதில் பதிவாகாது. நோட்டே மேல்.

எவ்வளவு தடுத்தாலும் சில பந்து அவளுக்குப் போகத்தான் செய்யும். அப்போது உங்கள் ரைட் பேக் நிற்கும் விதம்தான் முக்கியம், இதை மைதானத்தில் கையைப் பிடித்து நிறுத்திக் காட்டுங்கள். அந்தப் பிள்ளைக்கு இடது கால்தான் பலம், கோட்டுப் பக்கம்தான் அவள் வழி. அதனால் கோட்டுப் பக்கத்தை அடைத்து, உள்பக்கத்தைத் திறந்து நிற்கவேண்டும். வலது கால் கொஞ்சம் முன்னே, இடது கால் பின்னே, முட்டி மடங்கி, உடம்பு உள்பக்கம் சாய்வாகத் திரும்பி. இரண்டு கை தூரம் இடைவெளி. பந்தின் மேல் பாயவே கூடாது. பாய்ந்தால் ஒரே தட்டில் தாண்டிப் போய்விடுவாள். மெல்ல மெல்லப் பின்வாங்கி வேகத்தைக் குறைத்தால், அவள் வலது காலுக்கு மாறி உள்ளே வருவாள். உள்ளே வந்தால் கோலுக்குப் பக்கமாயிற்றே என்று பயம் வரும், நியாயம்தான். அதற்குத்தான் வலது ஸ்டாப்பர் ஐந்தாறு மீட்டர் தள்ளி, குறுக்காகப் பின்னால் நிற்கவேண்டும், ரைட் மிட்ஃபீல்டரும் இறங்கி வரவேண்டும். மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலை இது. ஸ்டாப்பர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும்: "கோட்டுப் பக்கம் விடாத புள்ள, உள்ளே வரட்டும், நான் இருக்கேன்." பின்னால் ஒரு குரல் கேட்டால் ரைட் பேக்குக்கு வரும் தைரியம் தனி.

அந்த விங் பிள்ளை தடுக்கத் திரும்பி வருகிறாளா என்று கவனித்தீர்களா? இவ்வளவு ஏறி ஆடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் திரும்பி ஓடுவதில்லை. அப்படியென்றால் அவளுக்குப் பின்னால் அவர்களுடைய லெஃப்ட் பேக் தனியாக நிற்கிறாள். பந்தைப் பறித்ததும் உங்கள் முதல் பாஸ் அந்தப் பக்கமே போகட்டும். ரைட் மிட்ஃபீல்டர் இறங்கி நிற்பதால், முன்னால் இருக்கும் ஃபார்வர்டு வலது பக்கம் விலகிப் போய் அதை வாங்கவேண்டும். இரண்டு தடவை அந்தப் பக்கம் நீங்கள் ஏறிவிட்டால், அவர்களுடைய டீச்சரே அந்த விங் பிள்ளையைப் பின்னால் இறங்கச் சொல்லிக் கத்த ஆரம்பிப்பார். பயிற்சி முழுவதையும் தடுப்பதிலேயே கழித்துவிடாமல், இதற்கும் பாதி நேரம் வையுங்கள்.

இனி த்ரோ-இன். இரண்டு விதி எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கவேண்டும். த்ரோவிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு (டிஃபென்ஸைத் தாண்டி முன்னால் நின்று பந்தை வாங்கும் தப்பு) கிடையாது; அதனால் டிஃபென்ஸ் லைன் ஏறிவந்து ஆஃப்சைடில் மாட்டிவிடலாம் என்ற நினைப்பு அங்கே வேலைக்கு ஆகாது. இரண்டாவது, எறிந்த பந்து யாரும் தொடாமல் நேராக கோலுக்குள் போனால் கோல் கிடையாது, உங்களுக்குக் கோல் கிக்தான். பதறிப்போய் கைநீட்டி விரலில் தட்டிவிடும் கீப்பர்தான் அதைக் கோலாக்குகிறாள். உங்கள் கீப்பரிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

எறிகிற இடத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி ஒருத்தி நிற்கலாம், விதி அனுமதிக்கிறது. உயரமான பிள்ளையை நிறுத்துங்கள், எறிபவள் பந்தைத் தூக்கிப் போட வேண்டிவரும். பந்து விழும் இடத்தில் அவர்கள் ஒருத்தியை வைத்திருப்பார்கள். அவளுக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. பெனால்டி பெட்டியின் விளிம்பில் இன்னொருத்தி. முதல் தலை பட்டுத் தெறிக்கும் பந்து அங்கேதான் வரும், பள்ளி ஆட்டங்களில் கோல் விழுவதும் அந்த இரண்டாவது பந்தில்தான். நம் செம்மண், சரளை மைதானங்களில் பந்து குத்தினால் எங்கே எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. "தரையில் குத்த விடாதே" என்பதை உங்கள் டிஃபென்ஸ் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்லவேண்டும்.

இப்போது காற்று. இந்த மாசத்தில் நம் பக்கம் ஆட்டம் என்றால் இதைப் பேசாமல் இருக்க முடியாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் பந்து எம்மாத்திரம்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று உடுமலை, பொள்ளாச்சி, தாராபுரம் பக்கமெல்லாம் மைதானத்தை அடித்துத் துடைக்கிறது. காலையில் கொஞ்சம் அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற வேகம் எடுக்கும். அதனால் ஆட்டம் நடக்கும் மைதானத்தில் கோல் போஸ்ட் எந்தத் திசையில் இருக்கிறது, ஆட்டம் எத்தனை மணிக்கு என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கோல்கள் கிழக்கு மேற்காக இருந்தால் ஒரு பாதி காற்றோடு, ஒரு பாதி காற்றுக்கு எதிராக. டாஸில் ஜெயித்தால் எந்த கோலை நோக்கி ஆடுவது என்பதை நீங்கள் எடுக்கலாம். காலை ஆட்டமாக இருந்தால் இரண்டாம் பாதியில் காற்று உங்கள் முதுகில் இருக்கும்படி எடுங்கள். மதியத்துக்கு மேல் ஏற்கெனவே பலமாக அடித்துக்கொண்டிருந்தால் கையில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்வதே என் கணக்கு. சாயங்காலம் காற்று இறங்கிவிடலாம். காற்றோடு ஆடும்போது முன்னால் காலி இடத்தில் நீளப் பந்து போட்டால் அது நேராக கீப்பர் கைக்கே போகும், காலுக்கே பாஸ் கொடுங்கள், தூரத்திலிருந்து ஷூட் பண்ணுங்கள். இந்த வயதுக் கீப்பர் பிள்ளைகளுக்கு 2.44 மீட்டர் உயரக் கம்பி எட்டாத உயரம்தான். எதிர்க் காற்றில் கோல் கிக்கை ஓங்கி உதைத்தால் பந்து நின்று திரும்பி வரும். 2019 முதல் கோல் கிக்கைப் பெனால்டி பெட்டிக்குள்ளேயே சக பிள்ளை வாங்கலாம், அதைப் பழக்குங்கள். கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கவும் கூடாது. 2025இல் மாறிய விதிப்படி 8 வினாடிக்கு மேல் போனால் எதிரணிக்குக் கார்னர்; கடைசி 5 வினாடியை ரெஃப்ரி கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார்.

கோல்கள் வடக்கு தெற்காக இருந்தால் காற்று குறுக்கே அடிக்கும். இங்கேதான் அந்த த்ரோ பிள்ளை நினைவுக்கு வரவேண்டும். மேற்குக் கோட்டிலிருந்து எறிந்தால் காற்று அவள் பந்தை இன்னும் தூரம் கொண்டுபோகும். கிழக்குக் கோட்டிலிருந்து எறிந்தால் பந்து பாதியிலேயே தளர்ந்து விழும். உங்கள் பிள்ளைகள் வேறு வழியில்லாமல் பந்தை வெளியே அடிக்க நேர்ந்தால் கிழக்குப் பக்கமாக அடிக்கட்டும்.

பயிற்சி எப்படி என்று கேட்டால், முதல் நான்கு நாள் எதிரணி பேச்சே வேண்டாம். உங்கள் பாஸ், உங்கள் ஆட்டம். ஐந்தாம் நாளிலிருந்து இந்த வேலை. ஒன்பதாம் வகுப்பில் நன்றாக ஓடும் பையன் ஒருவனை லெஃப்ட் விங்காக நிறுத்தி, மீதி இடத்துக்கு ஜூனியர் பிள்ளைகளைச் சேர்த்து எதிரணி போலவே ஆடச் சொல்லுங்கள். அவனைத் தடுத்துப் பழகிய ரைட் பேக்குக்கு மேட்சில் அந்தப் பிள்ளை அவ்வளவு வேகமாகத் தெரியமாட்டாள். தப்பு நடக்கும் இடத்தில் விசில் அடித்து எல்லோரையும் நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள், "உனக்குப் பின்னால் யார் இருக்கணும் கண்ணு?" என்று அவர்களையே கேளுங்கள். நீங்கள் பதில் சொல்லிவிட்டால் மேட்சிலும் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவது பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கடைசி நாள் லேசான ஓட்டம், த்ரோ தடுப்பு ஒரு ஐந்து முறை, அவ்வளவுதான்.

கோல் வாங்கினால் என்ன செய்வது என்பதையும் பழக்குங்கள், இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். பள்ளி அணிகள் முதல் கோல் வாங்கிய ஐந்து நிமிடத்துக்குள் இரண்டாவதையும் வாங்கிவிடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கேப்டன் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு நடந்து வரட்டும், ஓட வேண்டாம். கிக்-ஆஃபில் பந்து பின்னால் யாருக்குப் போகும், அடுத்த இரண்டு பாஸ் யாருக்கு என்பது முன்பே முடிவாகியிருக்கட்டும். மூன்று பாஸ் சரியாகப் போய்விட்டால் பிள்ளைகளுக்கு மூச்சு திரும்பிவிடும்.

நாக்-அவுட் ஆட்டம் என்பதால், சமமாக முடிந்தால் பெனால்டி அடித்து முடிவு செய்யும் டை-பிரேக்கர் வரலாம். அடிக்கப்போகும் ஐந்து பேரையும் வரிசையையும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். பயிற்சியில் பந்தைப் புள்ளியில் வைத்து அடிப்பதோடு நிறுத்தாமல், நடுக் கோட்டிலிருந்து 11 மீட்டர் புள்ளி வரை தனியாக நடந்து வந்து அடிக்கச் சொல்லுங்கள், கஷ்டமே அந்த நடையில்தான். எந்த மூலை என்று நடக்கும்போதே முடிவு செய்துவிட்டு, கீப்பர் எப்படி அசைந்தாலும் மாற்றக் கூடாது. எதிரணிப் பிள்ளை உதைக்கும் நேரத்தில் உங்கள் கீப்பரின் ஒரு காலின் ஒரு பாகமாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்கவேண்டும். முன்னாலேயே குதித்துத் தடுத்தால் ரெஃப்ரி திரும்ப அடிக்கச் சொல்லலாம்.

இடைவேளையில் டிஃபென்ஸுக்கு ஒரு வார்த்தை, முன்னால் ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை, மீதி நேரம் தண்ணீரும் நிழலும். ரைட் பேக் பிள்ளை முதல் பாதியில் இரண்டு மூன்று முறை தாண்டப்பட்டிருந்தாலும் உடனே மாற்றிவிடாதீர்கள். ரைட் மிட்ஃபீல்டரைத்தான் முதலில் பாருங்கள். துணைக்கு இறங்கி வரவேண்டியவள் வராமல் இருந்திருப்பாள், அல்லது மூச்சு வாங்கி நின்றிருப்பாள். புது ஆளை இறக்குவதாக இருந்தால் அந்த இடத்தில் இறக்குங்கள்.