சைபீரிய லோயஸில் காந்த ஏற்புத்திறன் தலைகீழாக வருவது பற்றி

புதைமண் (முன்பு உருவாகிப் பின்னர் புதைந்துபோன பழைய மண்) அடுக்கில் காந்த ஏற்புத்திறன் (காந்தப்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) லோயஸைவிட, அதாவது காற்று கொண்டுவந்து படியவைத்த நுண்வண்டலைவிட, குறைவாக வருகிறதே, மாதிரிகள் இடம் மாறிவிட்டனவா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு மாதிரிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதைமண்ணில் கூடுதலாக வரும் என்பது சீனாவின் லுவோச்சுவான் பக்கத்துக் கணக்கு. அங்கே கோடைப் பருவமழையில் மண் உருவாகும்போது மேக்னடைட், மேக்ஹெமைட் என்ற காந்தத் தாதுக்களின் நுண்துகள்கள் புதிதாக உண்டாகின்றன.

சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் கதை வேறு. பனியுகத்தின் பலத்த காற்று கனமான மேக்னடைட்டை அள்ளி வந்து லோயஸில் சேர்த்தது. வெப்பக் காலத்தில் காற்று தணிந்தது. போதாக்குறைக்கு, நீர் தேங்கிய மண்ணில் இருக்கிற காந்தத் தாதும் கரைந்துபோகும்.

காந்த ஏற்புத்திறனை இரண்டு அதிர்வெண்களில் அளந்து பாருங்கள். வித்தியாசம் மிகக் குறைவென்றால் மண்ணில் பிறந்த நுண்துகள் அதிகம் இல்லை. அப்புறம் துகள் அளவோடு ஒப்பிடுங்கள். புதைமண்ணில் நீலச்சாம்பல் திட்டுகள் இருந்தால் நான் நீர்த்தேக்கத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். காந்த ஏற்புத்திறனை வைத்துப் பழைய மழையளவைக் கணிக்கும் சீனாவுக்கான சூத்திரத்தை மட்டும் இந்தத் தரவில் போடாதீர்கள்.