மெமரியைத் துடைக்கிற வேலைக்கு யாரு சம்பளம் கொடுப்பா?

அண்ணே, போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது கேட்டீர்களே: "மூணாம் வருசம் முடியப்போகுது, கூடப் படிக்கிற பிள்ளைகெல்லாம் ஆப் செய்யுது. இவ ராத்திரி பூரா மெமரியத் துடைக்கிறேன்னு உக்காந்திருக்கா. இதுக்கு யாரு சம்பளம் கொடுப்பா?" வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அன்றைக்கு முழுசாகப் பேச முடியவில்லை.

அடித்த பாஸ்வேர்டு கம்ப்யூட்டர் மெமரியில் தங்கிவிடாமல் அழிப்பதைத்தான் அவள் துடைப்பது என்கிறாள். மதுரை கீழமாசி வீதியில் இருக்கும் உங்கள் கடையையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். கார்பன் வைத்து பில் எழுதினால், மேல்தாளைக் கிழித்துப் போட்டாலும் அடித்தாளில் எழுத்து நிற்கும். சிலேட்டில் எழுதினால் ஈரத்துணியால் ஒரே இழுப்பு. ஜாவா என்ற புரோகிராம் மொழியில் பாஸ்வேர்டை ஸ்ட்ரிங்காக, அதாவது ஒரே எழுத்துச் சரமாக வைத்தால் அது பில் புத்தகம். உருவான ஸ்ட்ரிங்கைத் திருத்தவும் முடியாது, நினைத்த நேரத்தில் அழிக்கவும் முடியாது. வேண்டாத மெமரியைக் கூட்டி அள்ளும் கார்பேஜ் கலெக்டர் தனக்குத் தோன்றும்போதுதான் வரும். எழுத்து எழுத்தாக அடுக்கி வைக்கும் கேரக்டர் அர்ரே சிலேட்டு மாதிரி, வேலை முடிந்ததும் நாமே பூஜ்யம் போட்டு நிரப்பிவிடலாம். ஜாவாவின் பாஸ்வேர்டுப் பெட்டி கேரக்டர் அர்ரேயைத் திருப்பிக் கொடுப்பது அதனால்தான். இந்தக் கேள்வி இன்டர்வியூவில் வரும். பாதிப் பிள்ளைகள் "அதுதான் செக்யூர் சார்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது உங்கள் மகள் என் மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். லினக்ஸ், சி மொழியில் ஒரு குட்டி புரோகிராம். பாஸ்வேர்டு 'ஜிகர்தண்டா42'. அதை அடித்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த புரோகிராமின் மெமரியை ஜிகோர் என்ற டூல் கொண்டு ஃபைலாக எடுத்துத் தேடினாள். அப்பட்டமாக இருந்தது. மெமரியில் பூஜ்யம் நிரப்பும் மெம்செட் கட்டளை போட்டுத் துடைத்த பிறகும் இருந்தது. எஃப்கெட்ஸ் என்ற கட்டளை பாஸ்வேர்டைப் படித்தபோது, சி மொழி லைப்ரரியின் சொந்த பஃபரில், அதாவது தற்காலிக இடத்தில், இன்னொரு நகல் தங்கிவிட்டதாம். அதைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு ரெண்டு ராத்திரி போயிருக்கிறது. அந்த பஃபரை விட்டுவிட்டு நேரடியாக ரீட் கட்டளை கொண்டு வாங்கியதும் சரியானது. பிறகு, எழுதிய கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரை, புரோகிராமை வேகமாக்கும் ஓ-2 அமைப்பில் ஓட்டினாள், பாஸ்வேர்டு திரும்ப வந்து நின்றது! 'துடைத்த இடத்தை இனி யாரும் படிக்கப்போவதில்லை, அப்புறம் எதற்குத் துடைக்க வேண்டும்' என்று கம்பைலரே அந்த மெம்செட் வரியைத் தூக்கிவிட்டது. அதைத் தடுக்கத்தான் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2017-இல் எக்ஸ்பிளிசிட்-பிஜீரோ என்ற கட்டளையைச் சேர்த்தது, விண்டோஸில் செக்யூர்-ஜீரோ-மெமரி இருக்கிறது. இதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளை முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? 2014-இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோது, இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் ஓட்டை உள்ள பதிப்பு ஓடிய சர்வர்களிடம் ஒரு முறை கேட்டாலே 64 கேபி வரை மெமரி வெளியே வந்தது. பாஸ்வேர்டும் சாவியும் அதற்குள் கிடந்தன. பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைப்பதையே தொழிலாகக் கொண்ட கீபாஸ் மென்பொருளிலும் 2023-இல் இதே கதை. அடிக்க அடிக்க அதன் டெக்ஸ்ட் பாக்ஸ் விட்டுச்சென்ற ஸ்ட்ரிங்குகளை மெமரி டம்ப்பிலிருந்து, அதாவது ஃபைலாக எடுத்த மெமரி நகலிலிருந்து, பொறுக்கினால் மாஸ்டர் பாஸ்வேர்டு முதலெழுத்து தவிரக் கிடைத்துவிட்டது. கார்பன் தாளேதான் அண்ணே. வங்கி, பேமென்ட், சாதனங்களுக்குள் ஓடும் மென்பொருள் என இந்த நுணுக்கம் தெரிந்த ஆள் தேவைப்படும் இடங்கள் உண்டு. ஆனால் முதல் வேலையே அங்கே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பார்க்குகளில் டெஸ்டிங், ஜாவா சப்போர்ட் என்று தொடங்கினாலும் தப்பில்லை.

மெமரியைப் படிக்கும் அளவுக்கு ஒருவன் உள்ளே வந்துவிட்டால் எந்தத் துடைப்பமும் முழுசாகக் காக்காது, ரகசியம் வெளியே கிடக்கும் நேரத்தைத்தான் குறைக்கும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் ரகசியங்களை வைக்கவென்றே இருக்கும் செக்யூர்ஸ்ட்ரிங்கைப் புதுக் கோடில் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. இன்டர்வியூவில் இதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அளந்து பேசுகிற பிள்ளையைத்தான் எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

நீங்கள் விசாரித்த அந்த ஆறு மாத 'எத்திக்கல் ஹேக்கர்' கோர்ஸ் வேண்டாம். முன்பு ஒரு பையனுக்கு அந்த மாதிரி ஒன்றை நானே சிபாரிசு செய்தேன். எதற்கு என்ன டூல் என்று பட்டியலைக் கொடுத்து, சான்றிதழும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பையன் அப்பாவை இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் எனக்குச் சங்கடம்தான். அதற்குப் பதிலாக ஐஐடி ஆசிரியர்கள் ஆன்லைனில் நடத்தும் என்பிடெலில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தைப் பார்க்கட்டும். பார்க்கக் காசு இல்லை, பரீட்சைக்குத்தான் கட்டணம். படிப்பு முடிந்ததும் சி-கேட் நுழைவுத் தேர்வு எழுதி, மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் செக்யூரிட்டி டிப்ளமோ, இல்லையென்றால் கேட் (GATE) தேர்வு எழுதி எம்டெக். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், சோதனையெல்லாம் தன் மெஷினில் மட்டும்தான். கல்லூரி லேபிலோ பக்கத்துப் பிள்ளை லேப்டாப்பிலோ அனுமதியில்லாமல் கை வைத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவு வரும், கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவும் வரும்.

அவள் லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான் இருக்கிறது, லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் விர்ச்சுவல் மெஷினைத் திறந்தால் மூச்சு வாங்குகிறது. கோர்ஸுக்கென்று எடுத்து வைத்த பணத்தில் முதலில் அதை மாற்றிக் கொடுங்கள்.