கண்காட்சி நேரத்தில் ஏறிய கிரியேட்டினின்

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் என் 24 வயது மகளுக்கு என் சிறுநீரகம் ஒன்றைப் பொருத்தினார்கள். 104-இல் நிலையாக இருந்த கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவின் அளவு) போன வாரம் 127 ஆகிவிட்டது. இறுதியாண்டு ஓவியக் கண்காட்சிக்காகப் பத்து நாளாகப் பல்கலைக்கழகக் காட்சிக்கூடமே கதி என்று இருக்கிறாள். அடுத்த வெள்ளி மாலை 7 மணிக்குத் திறப்பு விழா. "அது முடியட்டும், பிறகு டாக்டரைப் பார்க்கிறேன்" என்கிறாள். காத்திருக்கலாமா? விழாவுக்கு அனுப்பலாமா?
- ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: விழாவுக்குப் போகட்டும். ரத்தப் பரிசோதனையை மட்டும் அதுவரை தள்ளாதீர்கள். நாளைக்கே மாற்றுச் சிறுநீரகப் பிரிவின் ஒருங்கிணைப்பாளரை அழைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் மறுபரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள்.

127 என்பது தனியாகப் பார்த்தால் பயப்பட வேண்டிய எண் அல்ல. அந்த அளவோடு பல ஆண்டுகள் நலமாக இருப்பவர்கள் உண்டு. (இங்கே லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கு. ஊரில் உறவினர்கள் கேட்டால், அவர்கள் பழகிய டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் அது 1.44, முன்பு 1.18.) கவலை தருவது ஏற்றம்தான். அவளுடைய வழக்கமான அளவைவிட 22 விழுக்காடு கூடியிருக்கிறது. 20, 25 விழுக்காட்டைத் தொட்டாலே காரணத்தைத் தேட வேண்டும். வலி இல்லையே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. பொருத்திய சிறுநீரகத்துக்குப் பழைய நரம்புத் தொடர்பு கிடையாது. உடல் அதை நிராகரிக்கத் தொடங்கினாலும் பெரும்பாலும் வலிக்காது, ரத்தத்தில்தான் தெரியும். தொடக்கத்திலேயே பிடித்தால் பல நேரம் ஸ்டீராய்டு ஊசியிலேயே அடங்கிவிடும். நாள் கடந்து தழும்பு விழுந்துவிட்டால் அந்தப் பகுதி மீளாது.

சாதாரணக் காரணங்களும் உண்டு. முதலில் தண்ணீர். ஓவியங்கள் இருக்கும் கூடத்துக்குள் பொதுவாகத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோக விடமாட்டார்கள். ஏணி மேல் நின்று படம் மாட்டுகிறவர் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று குடிப்பதையும் குறைத்துக்கொள்வார். மருத்துவர் அளவு கட்டுப்படுத்தவில்லை என்றால் நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர் உள்ளே போக வேண்டும். பாட்டிலைக் கூடத்தின் வாசலில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து ஒரு குவளை குடிக்கட்டும்.

அடுத்தது வலி மாத்திரை. இதை அவளிடம் நேராகவே கேளுங்கள்: முதுகு வலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், மாதவிடாய் வலிக்குப் பொன்ஸ்டான் என்று ஏதாவது போட்டாளா? நிராகரிப்பைத் தடுக்க அவள் போடும் டாக்ரோலிமஸ் மாத்திரை ஏற்கெனவே சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாயைச் சுருக்குகிறது. இந்த மாத்திரைகளும் அதே குழாயைச் சுருக்குவதால் ஓரிரு நாளிலேயே கிரியேட்டினின் ஏறலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். இருமலுக்குக் கிளினிக்கில் கிளாரித்ரோமைசின் கொடுத்திருந்தாலும், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு இருந்திருந்தாலும் டாக்ரோலிமஸ் அளவு எகிறும். நல்லெண்ணத்தில் யாராவது கொடுத்த கஷாயம், மூலிகைச் சூப் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பரிசோதனை நாளில் பலர் செய்யும் தவறு, காலை டாக்ரோலிமஸ் மாத்திரையைப் போட்டுவிட்டு ரத்தம் கொடுப்பது. முந்தைய இரவு 8 மணிக்குப் போட்டால் மறுநாள் 8 மணி வாக்கில், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரையைப் பையில் கொண்டுபோய், எடுத்த பிறகு விழுங்கட்டும். போட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் நிராகரிப்புக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகும். சிறுநீர்ப் பரிசோதனை, பிகே வைரஸ் (பொருத்திய சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய கிருமி) சோதனை, ஸ்கேன் மூன்றையும் கேளுங்கள். அப்படியும் கிரியேட்டினின் குறையாவிட்டால் பயாப்ஸி, அதாவது சிறுநீரகத்தில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது, சொல்வார்கள். சிறுநீரகம் அடிவயிற்றில் தோலுக்கு அருகிலேயே இருப்பதால், மல்லாந்து படுத்தபடி மரத்துப்போகும் ஊசி போட்டு எடுப்பார்கள். மறுக்காதீர்கள்.

அது அவ்வளவு மேலாக இருப்பதால்தான் இன்னொன்றும் சொல்கிறேன். பெரிய சட்டத்தைத் தூக்கும்போது அதன் விளிம்பை இடுப்புக்கு முன்னால், அடிவயிற்றில் முட்டுக் கொடுப்பது வழக்கம். அந்த முட்டு சிறுநீரகத்தின் மேலேயே விழும். மறுபக்கம் தாங்கட்டும், அல்லது இன்னொருவர் பிடிக்கட்டும். தற்காலிகச் சுவரை அறுத்துத் தேய்க்கும் நாளில் அவள் கூடத்தில் இருக்கவே வேண்டாம். அந்தத் தூசியில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் பறக்கும். எதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்டவரின் நுரையீரலில் அது பிடித்தால் உயிருக்கே ஆபத்து. ஈரத்துணியால் துடைத்து முடித்த பிறகு போகட்டும்.

விழா 7 மணிக்கு, மாத்திரை 8 மணிக்கு. வாழ்த்துகளுக்கும் படமெடுப்புக்கும் நடுவே மறந்துபோகிற வேளை இதுதான். கைப்பேசியில் மணி வைத்து, மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். சாப்பாடு மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ இருக்க வேண்டும் என்பதால் ஐந்தரைக்கே வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. பஃபேயில் சாஷிமி, வெட்டி வெகுநேரமான சாலட் வேண்டாம். மேங்கோ பொமெலோ சாகோவும் கூடாது: பம்ப்ளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். கூட்டத்தில் முகக்கவசம் அணியட்டும். படமெடுக்கும்போது ஒரு நிமிடம் கழற்றுவதால் ஒன்றும் ஆகிவிடாது.

38 டிகிரி காய்ச்சல், சிறுநீர் குறைதல், இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை கூடுதல், பொருத்திய இடத்தில் வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் விழா நாளாக இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

உங்களைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. சிறுநீரகம் கொடுத்தவருக்கும் ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். மகளுக்கு நேரம் வாங்கும்போது உங்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.