படகும் வரத்துக்காலும் – கடிதம்

வணக்கம் ஐயா,

போன மாதம் பிரான்ஸில் கனால் து மிடி கால்வாயில் ஒரு வாரம் படகில் போய்வந்தோம். நான், மனைவி, எழுபதைத் தாண்டிய என் அப்பா. காஸ்டெல்நொதாரியில் படகை வாடகைக்கு எடுத்துக் கிழக்கே பெசியே வரை போனோம். நடுநடுவே இறங்கிக் கரையோடு நடக்கவும் செய்தோம். மனிதக் கை படாத இயற்கைக்குள் மிதந்ததுபோல இருந்தது. வெயில் ஏறினால் பெரிய பிளேன் மரமாகப் பார்த்துப் படகைக் கட்டிவிட்டுத் தூங்குவோம். அப்பா மட்டும் எங்கும் உட்காரவில்லை. ஒவ்வொரு லாக்கிலும், அதாவது படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டியிலும், இறங்கிப்போய்க் கதவருகே நின்று தண்ணீர் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே குறை, லாக் ஊழியர்கள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வருடமும் போகலாம் என்றிருக்கிறோம். கால்வாயை முழுமையாக அனுபவிக்கப் படகு சிறந்ததா, நடை சிறந்ததா? கால்வாய்கள் பற்றி ஒரு நல்ல புத்தகமும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

சில வாரங்களாகவே அந்தக் கால்வாயின் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் படகா நடையா என்ற கேள்விக்கெல்லாம் பதில் எழுதுகிற ஆள் இல்லை நான்.

முதலில் திட்டிவிடுகிறேன். படகை மரத்திலா கட்டினீர்கள்? கரையில் அடித்துக் கட்டுவதற்கென்றே இரும்பு முளையும் சுத்தியலும் படகில் இருந்திருக்குமே, அதை எடுத்துப் பார்த்தீர்களா? அங்கே மரத்தில் கயிறு கட்டக் கூடாது. காரணம் இருக்கிறது. 2006 முதல் அந்தப் பிளேன் மரங்களை ஒரு பூஞ்சை நோய் தின்றுகொண்டிருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது. பட்டையில் ஒரு சிறு கீறல் போதும், உள்ளே போய்விடும். கயிறு உரசினாலும் சரி, படகின் முனை வேரில் இடித்தாலும் சரி. பிடித்த மரம் சில வருடங்களில் செத்துவிடும். அதை வெட்டி அந்த இடத்திலேயே எரிக்கிறார்கள். 42,000 மரங்கள் இருந்தன. பாதிக்கு மேல் போய்விட்டன. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைகள் கொண்டுவந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரப்பலகையோடு இந்தப் பூஞ்சை ஐரோப்பாவுக்குள் வந்தது என்கிறார்கள். யாரோ எதையோ கொண்டுவந்து இறக்கினார்கள், அறுபது வருடம் கழித்துக் கால்வாயோர மரவரிசையில் பாதிக்கு மேல் காலி. நீங்கள் அதன் நிழலில் கயிற்றைக் கட்டிவிட்டுத் தூங்கியிருக்கிறீர்கள். இனிமேல் செய்யாதீர்கள்.

மதியச் சாப்பாட்டு விஷயம். அவர்களுக்கும் பசிக்கும். அவ்வளவுதான்.

அப்புறம் அந்த 'மனிதக் கை படாத இயற்கை'. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துத் தோ காயல் வரை 240 கிலோமீட்டர். அதில் மனிதக் கை படாத ஒரு சாண் இடம் காட்டுங்கள் பார்ப்போம். ஒரு கட்டத்தில் பன்னிரண்டாயிரம் பேர் வரை மண்வெட்டியும் கூடையுமாக வெட்டிய பள்ளம் அது. பெண்கள் கூட்டம் கூட்டமாக மண் சுமந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் மழை நாளுக்கும் கூலி பிடிக்காமல் மாதச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள், பதினேழாம் நூற்றாண்டில்! நீங்கள் நடந்த கரைப்பாதையே படகை இழுக்கும் குதிரைகளுக்காகப் போட்டது. மரங்களும் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நட்டவை. கால்வாயைக் கட்டிய பியர் போல் ரிக்கே அந்த நிழலில் ஒரு நிமிடம்கூட நின்றதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பா ஏன் லாக் கதவருகே நின்றார் என்று அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் பல லட்சம் லிட்டர் கீழே போகிறது. போனது மேலே திரும்பாது. நாள் முழுக்கப் படகுகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க, மேலே மட்டும் தண்ணீர் குறையவில்லை. அது எங்கிருந்து வருகிறது? அந்தக் கால்வாயைப் பற்றிக் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஆற்றிலிருந்து பிரிகிற கால்வாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. இது இரண்டு கடல்களுக்கு நடுவே ஒரு மேட்டைத் தாண்டிப் போகிற கால்வாய். நொரூஸ் என்ற இடத்தில் ஏறத்தாழ 190 மீட்டர் உயரம். கூரையின் முகடு மாதிரி. அங்கே விழுகிற தண்ணீர் ஒருபக்கம் அட்லாண்டிக்குக்கும் மறுபக்கம் மத்தியதரைக் கடலுக்கும் போகும். முகட்டின் இருபுறமும் இருக்கிற லாக்குகளுக்கு 'பெருங்கடல்', 'மத்தியதரைக் கடல்' என்றே பெயர். கால்வாய் வெட்ட வேண்டும் என்ற யோசனை ரிக்கேவுக்கு முன்பே பலருக்கு இருந்தது. எல்லோரும் இங்கே வந்துதான் முட்டிக்கொண்டு நின்றார்கள். மேட்டின் உச்சிக்கு யார் தண்ணீர் கொடுப்பது?

ரிக்கே பொறியாளர் இல்லை, உப்பு வரி வசூலித்தவர். வடக்கே கருமலை என்று ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அதன் ஓடைகளை வழிமறித்து, மலைச்சரிவோடு வளைத்து வளைத்து நொரூஸுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றார். ரெவெல் ஊரில் நீர்வழிகளைப் பார்த்துக்கொண்ட பியர் கம்மாஸ் என்ற ஆள் அந்த ஓடைகளை அவருக்குக் காட்டிக்கொடுத்தார். 1662-இல் அமைச்சர் கோல்பேருக்குக் கடிதம், 1665-இல் தண்ணீர் வருமா என்று பார்க்க ஒரு சோதனை வாய்க்கால், தண்ணீர் வந்தது, அடுத்த வருடம் அரசாணை. பிறகு சான் ஃபெரியோலில் அணை. மூன்று கல்சுவர், இடையிலே மண், உயரம் 35 மீட்டர் அளவுக்கு. 1667-இல் தொடங்கி 1672-இல் முடித்தார்கள். கால்வாய் திறந்தது 1681 மே மாதம். அதற்குச் சில மாதங்கள் முன்பே, 1680 அக்டோபரில், ரிக்கே இறந்துவிட்டார். சொத்தை எல்லாம் அதிலே கொட்டியிருந்தார். பிள்ளைகள் கடனோடு மிஞ்சினார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். அந்தத் தண்ணீரைக் கொண்டுவர இரண்டு வரத்துக்கால்கள், ஒன்று மலையில், ஒன்று சமவெளியில். இரண்டும் சேர்ந்து 60 கிலோமீட்டருக்கு மேல். சில மீட்டர் அகலத்தில் ஓடுகிற சின்ன வாய்க்கால்கள். கால்வாயின் உயிர் அங்கேதான் இருக்கிறது. படகுக்காரர்களில் பாதிப்பேருக்கு அவை இருப்பதே தெரியாது. நீங்கள் படகை எடுத்த காஸ்டெல்நொதாரியிலிருந்து நொரூஸ் 15 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அதற்கு முதுகைக் காட்டிவிட்டுக் கிழக்கே போய்விட்டீர்கள். உங்கள் படகு நின்றிருந்த அந்தப் பெரிய குளமே கீழே அடுத்தடுத்து இருக்கிற நான்கு லாக்குகளுக்குத் தண்ணீர் சேமிக்கத்தான். அதைப் படகு நிறுத்துமிடம் என்று நினைத்திருப்பீர்கள்.

என் அக்காவோடு ஒருமுறை சமவெளி வரத்துக்காலோரம் நடந்தேன். அவள் கிண்டலுக்குப் பேர்போனவள். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டாள். "டேய், இது போகுதா நிக்குதா?" நானும் உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. ஒரு புல்தண்டைக் கிள்ளிப் போட்டாள். அது முதலில் சும்மா கிடந்தது. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, கரையில் தொங்கிய ஒரு வேரில் தட்டி, தயங்கி, விடுபட்டு, நாங்கள் நடந்த திசையிலேயே போக ஆரம்பித்தது. அக்கா அதோடு போட்டி போட்டு நடந்தாள். அவள்தான் ஜெயித்தாள், ஆனால் ரொம்பவும் மெதுவாக நடக்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்குக் குறைவான சரிவை வைத்து, கிலோமீட்டர் கணக்கில், எங்கும் தேங்காமல், எங்கும் அரிக்காமல் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஃபோன்செரானில் படிக்கட்டுப் போல அடுக்கிய லாக்குகளைப் பார்க்க எல்லோரும் ஓடுகிறார்கள், நீங்களும் பன்னிரண்டு படம் அனுப்பியிருக்கிறீர்கள். அழகுதான், யார் இல்லை என்றார்கள்? என் கண்ணுக்கு அந்தப் புல்தண்டு ஓடிய வாய்க்கால்தான் பெரிய வேலை.

உங்கள் கேள்விக்கு இதற்குள் பதில் இருக்கிறது. படகில் போனால் கால்வாய் கிடைக்கும். அதன் தண்ணீர் எப்படி வந்தது என்று தெரிய நடக்கத்தான் வேண்டும், வரத்துக்காலில் படகு போகாது. அப்பாவால் எவ்வளவு நடக்க முடியும் என்று எழுதவில்லை. முடியாவிட்டால் சான் ஃபெரியோலுக்கு மட்டுமாவது கூட்டிப்போங்கள், ரெவெலிலிருந்து பக்கம்தான். அணைக்குக் கீழே பழைய காவலர் வீட்டில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அணைக்குள் ஒரு குகைவழியில் தண்ணீரைத் திறந்துவிடுகிற வெண்கலக் குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொரு லாக்கிலும் இறங்கி நின்ற மனிதர் அங்கே ஒரு பகல் முழுக்க நிற்பார். அவசரப்படுத்தாதீர்கள். படம் எடுக்கிறேன் என்று அவரைத் திரும்பச் சொல்லாதீர்கள்.

புத்தகம் பற்றித் தனியாக எழுதுகிறேன், இங்கே இடமில்லை.