முதல் ஹீட் வந்துவிட்டது, இணை சேர்க்கலாமா?

நாய்களை இணை சேர்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் தரும் பதில்கள்.

எங்கள் லாப்ரடார் பெண் நாய்க்கு 9 மாதம். முதல் ஹீட் வந்திருக்கிறது. தெரிந்தவர் வீட்டில் அதே இனத்தில் நல்ல ஆண் நாய் இருக்கிறது. இப்போதே சேர்க்கலாமா?

இந்த முறை வேண்டாம். ஹீட், அதாவது பெண் நாய் இணை சேரத் தயாராகும் பருவம், வந்தால் சூலகம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். 9 மாத லாப்ரடாருக்கு எலும்பு வளர்ச்சியே இன்னும் முடிந்திருக்காது. சினை பிடித்தால் தன் வளர்ச்சிக்கும் குட்டிகளுக்கும் சேர்த்து அந்த உடம்பு ஈடுகொடுக்க வேண்டியிருக்கும். முதல் ஹீட்டை நம்பவும் முடியாது. இளம் நாய்களுக்கு உதிரப்போக்கு தொடங்கி, கருமுட்டை வெளிவராமலேயே நின்றுபோய், சில வாரங்கள் கழித்துத்தான் உண்மையான ஹீட் வருவதுண்டு.

சிறிய இனங்களுக்கு 6 மாதத்திலேயே முதல் ஹீட் வரலாம். மிகப் பெரிய இனங்கள் சிலவற்றுக்கு 18 முதல் 24 மாதம் வரை ஆகும். சிறிய இனம் என்றால் 18 மாதம், பெரிய இனம் என்றால் 24 மாதம் நிறைந்த பிறகு வரும் ஹீட்டில் சேர்ப்பதுதான் நாங்கள் சொல்லும் கணக்கு. பெரும்பாலும் அது இரண்டாவது அல்லது மூன்றாவது ஹீட்டாக இருக்கும்.

லாப்ரடாருக்கு 24 மாதம் என்று பிடிவாதமாகச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு: ஹிப் டிஸ்பிளேசியா என்ற இடுப்பு மூட்டுக் கோளாறு. இது பரம்பரையாக வருவது. இன்று துள்ளி ஓடும் நாயின் மூட்டுக் கிண்ணம் ஆழமில்லாமல் இருக்கலாம், வெளியே எதுவும் தெரியாது. அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு 24 மாதம் நிறைந்த பிறகு எடுத்த எக்ஸ்ரேவுக்குத்தான் இடுப்பு மூட்டுக்கான இறுதிச் சான்று தருகிறது. முழங்கை மூட்டையும் அதே சமயத்தில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

கண் விஷயம் இன்னும் நுட்பமானது. விழித்திரை மெல்ல மெல்லச் செயலிழக்கும் பி.ஆர்.ஏ. நோய் லாப்ரடாரில் வெளியே தெரிய வருவதற்குள் அந்த நாய் இரண்டு மூன்று ஈற்று போட்டு முடித்திருக்கும். அதனால் டி.என்.ஏ. பரிசோதனை செய்வதே வழி. நோய் மரபணுவைச் சுமக்கும் நாய், அதாவது கேரியர், என்று முடிவு வந்தாலே அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அந்த மரபணு இல்லாத துணையோடு சேர்த்தால் குட்டிகளில் சராசரியாகப் பாதி கேரியராக இருக்கும், எதற்கும் அந்த நோய் வராது. இரண்டு கேரியர்களைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்குப் பார்வை போகும். இந்த ஒரு தவறை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள்.

இப்போதைய ஹீட்டில், உதிரம் தெரிந்த நாளிலிருந்து 4 வாரம் ஆண் நாய் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சிவப்பாக இருந்த கசிவு வெளிறி, வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் ஹீட் முடிந்தது என்று வெளியே விட்டுவிடுகிறார்கள். வீங்கி விறைப்பாக இருந்த பெண்குறி இளகி, முதுகின் பின்பக்கத்தைத் தொட்டால் வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக் காட்டினால், சினை பிடிக்கும் நாட்களே அப்போதுதான் தொடங்குகின்றன.

என் நாய்க்கு இரண்டரை வயது. அடுத்த ஹீட்டில் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் என்னென்ன பரிசோதனை தேவை?

ஹீட் வந்த பிறகு ஓடாதீர்கள். இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

முதலில் உடல்வாகு. 9 புள்ளி அளவுகோலில் 4 அல்லது 5 இருக்க வேண்டும். விலா எலும்பு கண்ணுக்குத் துருத்தாமல், கையால் லேசாகத் தடவினால் எண்ணும்படி இருப்பதே அந்த நிலை. குண்டான நாய்க்குப் பிரசவச் சிக்கல் அதிகம், மெலிந்த நாய்க்குப் பால் போதாது. எடையை ஹீட்டுக்கு முன்பே சரிசெய்யுங்கள், சினை பிடித்த பிறகு மெலிய வைக்க முயலக்கூடாது. தடுப்பூசி பாக்கியிருந்தால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள். சினையாக இருக்கும்போது உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் கூடாது. ரத்தப் பரிசோதனையில் ரத்தசோகை, சிறுநீரகம், கல்லீரலோடு உண்ணிக் காய்ச்சலையும் பார்க்கச் சொல்லுங்கள். இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்டால் எக்கோ எடுக்காமல் மேலே போகாதீர்கள்.

எதை விட்டாலும் புரூசெல்லா கேனிஸ் பரிசோதனையை விடக்கூடாது. இந்தக் கிருமி இணை சேரும்போது மட்டுமல்ல, கசிவை நக்கினாலும் முகர்ந்தாலும் பரவும். பெண் நாய்க்குப் பெரும்பாலும் 45 முதல் 59 நாளுக்குள் கரு கலையும், ஆண் நாய்க்கு விரை வீங்கிப் பிறகு சுருங்கும். மனிதர்களுக்கும் தொற்றும். ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் உடம்பைவிட்டு முழுதாகப் போகும் என்று நம்பி அந்த நாயை மீண்டும் இணை சேர்க்க முடியாது. இரண்டு நாய்களுக்கும், ஒவ்வொரு சேர்க்கைக்கு முன்பும், பரிசோதனை அவசியம். விரைவுப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வந்தால் பதற வேண்டாம், அதில் தவறான பாசிட்டிவ் உண்டு, இன்னொரு முறையில் உறுதிசெய்ய வேண்டும். 'நெகட்டிவ்' வந்தாலும் ஒரு எச்சரிக்கை: தொற்றிய முதல் சில வாரங்களில் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தெரியாது. பரிசோதனைக்கும் சேர்க்கைக்கும் இடையில் அந்த ஆண் நாய் வேறு எங்கும் சேர்ந்திருந்தால் பழைய அறிக்கைக்கு மதிப்பில்லை.

டாக்டரிடம் கையுறை விரலால் யோனிப் பாதையையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே குறுக்கே ஒரு தசைப்பட்டை இருந்தால் சேர்க்கையின்போது வலிக்கும், பிரசவத்தில் குட்டி சிக்கும்.

கடைசியாக, குணம். காரணமில்லாமல் நடுங்கும், கடிக்க வரும் நாயை, எல்லா அறிக்கையும் சுத்தமாக இருந்தாலும், சேர்க்க வேண்டாம்.

எங்கள் ஆண் நாய்க்கு ஒரு வயது. ஒரு விரை மட்டும்தான் வெளியே தெரிகிறது. ஆனால் சேர்க்கைக்குத் துடிக்கிறது. பயன்படுத்தலாமா?

கூடாது. 6 மாதத்துக்குள் இறங்காத விரை இனி இறங்காது. வெளியே இருக்கும் ஒன்றை வைத்து அது குட்டி உண்டாக்கிவிடும், சிக்கலே அதுதான்: குறை அடுத்த தலைமுறைக்கும் போகும். வயிற்றுக்குள் தங்கிய விரையில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பும் அதிகம். இரண்டையும் அறுவை செய்து எடுத்துவிடுங்கள்.

இரண்டு விரையும் சரியாக உள்ள நாய்க்கும் விந்துப் பரிசோதனை தேவை. குறைந்தது 70 சதவீத உயிரணுக்கள் முன்னோக்கி நீந்த வேண்டும், 70 சதவீதமாவது உருவத்தில் குறையில்லாமல் இருக்க வேண்டும். ஓர் உயிரணு உருவாக ஏறக்குறைய 62 நாள் ஆகும். கடும் காய்ச்சல் வந்து போன நாயின் விந்து இரண்டு மாதத்துக்கு மேலும் தரம் குறைந்திருக்கலாம், அதனால் அவசரப்பட்டு மலடு என்று முத்திரை குத்த வேண்டாம்.

உதிரம் தெரிந்த 10-ஆம் நாளும் 12-ஆம் நாளும் சேர்த்தோம். இரண்டு ஹீட்டிலும் சினை பிடிக்கவில்லை. நாயிடம் குறையா?

நாட்கணக்கில்தான் குறை இருக்க வாய்ப்பு அதிகம். சில நாய்களுக்கு 7-ஆம் நாளே கருமுட்டை வெளிவரும், சிலவற்றுக்கு 20 நாள்கூட ஆகும். இதை ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனின் அளவுதான் சொல்லும்.

5-ஆம் அல்லது 6-ஆம் நாள் முதல் மாதிரி எடுங்கள், பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை. புரோஜெஸ்டிரான் ஒரு மில்லி லிட்டருக்கு 2 நானோகிராமை எட்டும்போது, கருமுட்டையை வெளிவரத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோன் உச்சம் தொடும். அதிலிருந்து சுமார் இரண்டு நாளில், 5 நானோகிராமை ஒட்டி, கருமுட்டை வெளிவரும். பெண் நாயின் கருமுட்டை முற்றாமலேயே வெளிவருவதால் மேலும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். கருமுட்டை வெளிவந்த 2-ஆம் நாளும் 4-ஆம் நாளும் சேர்ப்பது நல்லது. ஓர் எச்சரிக்கை: சில ஆய்வகங்கள் நானோமோல் கணக்கில் அறிக்கை தரும். அதில் 16 என்று இருந்தால் நம் கணக்கில் 5. அலகைப் பார்க்காமல் 16-ஐ நானோகிராம் என்று எடுத்துக்கொண்டு, நாள் கடந்துவிட்டதென்று கைவிடுகிறார்கள். எல்லா மாதிரியையும் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள்.

நாள் சரியாகப் பார்த்தும் தங்கவில்லை என்றால், முதலில் ஆண் நாயின் விந்தைப் பாருங்கள்.

குட்டி போட்டு 7 மாதத்தில் மறுபடி ஹீட் வந்திருக்கிறது. ஒரு ஹீட் விட்டுத்தான் சேர்க்க வேண்டுமா? போன முறை சிசேரியன்.

சிசேரியன் என்பதால் இந்த ஹீட்டை விட்டுவிடுங்கள். அடுத்ததைப் பற்றி யோசிக்கும் முன், அறுவை ஏன் தேவைப்பட்டது என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு குட்டி குறுக்கே திரும்பியதால் என்றால் வாய்ப்பு உண்டு. இடுப்பு குறுகலாக இருந்தது, அல்லது கர்ப்பப்பை சுருங்கவே இல்லை என்றால் இதோடு நிறுத்திவிடுங்கள். இங்கிலாந்தின் கென்னல் கிளப் பொதுவாக இரண்டு சிசேரியன் ஆன தாயின் அடுத்த ஈற்றைப் பதிவு செய்வதில்லை.

சுகப்பிரசவமான நாய்களுக்கு ஒரு ஹீட் விட்டே ஆக வேண்டும் என்ற விதி இல்லை. சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் இரண்டு மாதம் கர்ப்பப்பை புரோஜெஸ்டிரானில் ஊறுகிறது, ஒரு ஹீட்டை விடுவதால் மட்டும் அதற்கு ஓய்வு கிடைத்துவிடாது. தாயின் எடையும் ரோமமும் ரத்த அளவும் பழையபடி ஆகிவிட்டதா என்பதுதான் கேள்வி. ஆகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அடுத்தடுத்து இரண்டு ஈற்றுக்கு மேல் வேண்டாம்.

ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் கர்ப்பப்பை நோய் வராது என்கிறார்கள். என் நாய்க்கு 7 வயது, இதுவரை சேர்த்ததில்லை.

குட்டி போட்டுவிட்டால் கர்ப்பப்பை நோய் வரவே வராது என்பது சரியல்ல. 7 வயதில் முதல் ஈற்று தாய்க்கும் குட்டிகளுக்கும் ஆபத்து, சேர்க்கவே வேண்டாம். கருத்தடை அறுவைக்குத் தகுதியாக இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை ஒவ்வொரு ஹீட் முடிந்த பிறகும் இரண்டு மாதம் கவனமாக இருங்கள். அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, சாப்பிடாமல் சோர்ந்து படுப்பது, சீழ் போன்ற கசிவு, இவை கர்ப்பப்பையில் சீழ் பிடித்ததன் அறிகுறிகள். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் கசிவே தெரியாது, வயிறு மட்டும் உப்பும். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.