‘ஆரம்பநிலைதான்’ என்றார்கள், பிறகு ஏன் இவ்வளவு சிகிச்சை?

கேள்வி: என் வயது 57. வலியே இல்லாமல் இரண்டு முறை சிறுநீர் சிவப்பாகப் போனது. ஸ்கேனில் சிறுநீர்ப்பைக்குள் கட்டி இருப்பது தெரிந்து, சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். பயாப்ஸியில் (திசுப் பரிசோதனையில்) புற்றுநோய், ‘டி1, ஹை கிரேடு’ என்று வந்திருக்கிறது. ஆரம்பநிலைதான் என்கிறார் மருத்துவர். ஆனால், மறுபடியும் ஒருமுறை சுரண்ட வேண்டும், பிறகு பி.சி.ஜி. மருந்து என்கிறார். வெளியே சொல்ல வேண்டாம் என்கிறார்கள் வீட்டில். எனக்கோ இதே நோய் வந்த ஒருவரிடம் பேசினால் தேவலை போலிருக்கிறது. பேசலாமா? குழப்பம்தான் மிஞ்சுமா?

பதில்: தாராளமாகப் பேசுங்கள். அதற்கு முன் உங்கள் அறிக்கை என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் கதையைக் கேட்டு வீணாகப் பயந்துபோவீர்கள், அல்லது வீணாக அசட்டையாக இருந்துவிடுவீர்கள்.

கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது ஸ்டேஜ். அதன் செல்கள் எவ்வளவு முரட்டுத்தனமானவை என்பது கிரேடு. பையின் உட்சவ்வோடு நின்றால் டிஏ, அதற்கடுத்த திசுவரை போனால் டி1, தசைக்குள் புகுந்துவிட்டால் டி2. இந்தப் புற்றுநோய் வருபவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தசையைத் தொடாத நிலையிலேயே தெரிந்துவிடுகிறது. நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள். ஆழத்தைப் பார்த்து ‘ஆரம்பநிலை’ என்கிறார் உங்கள் மருத்துவர். செல்லின் குணத்தைப் பார்த்துச் சிகிச்சையைக் கூட்டுகிறார். இரண்டும் முரண் இல்லை.

டி1-ல் முதல் சுரண்டலில் கொஞ்சம் கட்டி மிச்சம் இருந்துவிடுவது அபூர்வமல்ல. ஆழம் குறைவாக மதிப்பிடப்பட்டிருக்கவும் கூடும். அதனால்தான் சில வாரங்களுக்குள் இரண்டாவது முறை. எடுத்த திசுவில் தசையும் இருந்ததா என்று பயாப்ஸி அறிக்கையில் ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். தசையே சிக்காத மாதிரியை வைத்துக்கொண்டு ‘தசையில் பரவவில்லை’ என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

பி.சி.ஜி. என்பது பச்சிளம் குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பூசியாகப் போடும் அதே கிருமிதான். சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அது பயன்படுவதாக 1976-ல் வெளியானது. இன்றும் அதன் இடம் பறிபோகவில்லை. வாரம் ஒன்றாக 6 வாரம், மெல்லிய கதீட்டர் குழாய் வழியாகப் பைக்குள் செலுத்துவார்கள். பிறகு 3-வது மாதம், 6-வது மாதம் என இடைவெளி விட்டு மூன்று மூன்று டோஸ், உங்களைப் போன்றவர்களுக்கு 3 ஆண்டு வரை போகலாம். நடுநடுவே கேமரா பரிசோதனையும் உண்டு. இந்த நோய் திரும்பத் தலைகாட்டும் சுபாவம் கொண்டது. முதல் இரண்டு ஆண்டு பெரும்பாலும் 3 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம்.

இத்தனை நீண்ட பாதையில் ஏற்கெனவே நடந்தவரின் பேச்சுக்கு மதிப்பு அதிகம். மருந்தைப் போட்டபின் 2 மணி நேரம் சிறுநீரை அடக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லி முடித்துவிடுவோம். அதற்காகக் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது, வீட்டுக்குப் போனதும் வரும் எரிச்சல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு ஓடும் அந்த மாலை, அடுத்த நாள் உடம்பு வலி, இதெல்லாம் அனுபவித்தவர் வாயிலிருந்து வந்தால்தான் மனதில் நிற்கும். பரிசோதனைத் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் கெடுவதைப் பற்றியும் அவரிடம் தயங்காமல் பேசலாம்.

யாரைத் தேடுவது? உங்கள் மருத்துவரிடமோ, பி.சி.ஜி. போடும் செவிலியரிடமோ, ‘இதே சிகிச்சையை முடித்த ஒருவர் சம்மதித்தால் அறிமுகம் செய்து வையுங்கள்’ என்று கேளுங்கள். புற்றுநோய் மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகள் குழு உண்டு. இந்த நோய்க்கென்றே உலக சிறுநீர்ப்பைப் புற்றுநோய் நோயாளிகள் கூட்டமைப்பும் இருக்கிறது. பேச ஆரம்பிக்கும்போதே அவருடைய ஸ்டேஜும் கிரேடும் என்ன என்று கேட்டுவிடுங்கள். பை அகற்றப்பட்ட டி2 நோயாளியின் அனுபவம் உங்கள் அனுபவமாக வேண்டியதில்லை. ஒரு சுரண்டலோடு முடிந்த டிஏ லோ கிரேடுக்காரரைப் பார்த்து ‘அவருக்குப் பி.சி.ஜி. இல்லையே’ என்று நீங்களும் நிறுத்தக் கூடாது. மருந்தை விட்டுவிட்டு ஏதோ சாற்றைக் குடிக்கச் சொல்பவரிடம் ஒரு வணக்கம் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

வெளியே சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். புற்றுநோய் ஒட்டாது. பி.சி.ஜி. மட்டும் உயிருள்ள கிருமி என்பதால், போட்டபின் 6 மணி நேரத்துக்கு உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள், கழிப்பறையில் பிளீச் ஊற்றிச் சற்று நேரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள். தாம்பத்திய உறவு பற்றியும் கூச்சப்படாமல் மருத்துவரைக் கேளுங்கள். உங்கள் மனைவிக்கும் பேச ஆள் வேண்டும். துணைவர்களையும் சேர்த்துக்கொள்ளும் குழு கிடைத்தால் அவரையும் அழைத்துப் போங்கள்.

கடும் காய்ச்சல், குளிர் நடுக்கம், கட்டிகட்டியாக ரத்தம், சிறுநீர் அடைப்பு, இவற்றில் எது வந்தாலும் குழுவில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

புகைப்பீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இந்த நோய்க்கு முதல் காரணம் அதுதான். புகையிலை நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் இறங்கி, மணிக்கணக்கில் பைக்குள் தேங்குகிறது. பழக்கம் இருந்தால் இரண்டாவது சுரண்டலுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். நோய் வந்த பிறகு விட்டாலும் பலன் உண்டு.